வலப்பக்கத்தில் எத்தனை

பெட்டி நின்றதும் தமயந்திக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கொஞ்சம் பெருமைதான். காற்று ஒரு அளவுக்கு மேல் அடித்தால் நின்றுவிட வேண்டும், நின்றுவிட்டது, அவ்வளவுதான், மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே கம்பியில் தொங்கிக்கொண்டு நிற்பது ஏறி வந்தவர்களுக்குத்தான் விபரீதம், இதைச் செய்தவர்களுக்கு இது ஒழுங்கு. "என்னட்டி, நின்னுட்டு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொர்ணம் மதினி. "காத்து மதினி, கொஞ்சம் குறையட்டும்னு நிக்குது" என்று சொன்னபோது தன் குரலில் இருந்த அலட்சியம் அவளுக்கே பிடித்திருந்தது. மதினி அவள் புருஷனுடைய அக்கா. கல்யாணமான நாளிலிருந்து ஆடிக் கிருத்திகைக்கு வேங்கைக்குன்றின் படிகளை ஏறியே சாமி பார்த்தவள், முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அடிவாரத்தில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். ரோப் கார் வரப்போகிறது என்று பேப்பரில் வந்ததுமே, அதை வைக்கிறதே எங்க தமயந்திதான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் எங்கே வைத்தாள். கம்பி ஒரு கம்பெனி, தூண் ஒரு கம்பெனி, மோட்டார் இன்னொருத்தர். பெட்டி முன்னும் பின்னுமாக ஆடினால் அந்த ஆட்டத்தை அடக்குகிற சின்னக் காரியம் மட்டும் சென்னையில் அவள் உட்கார்ந்து செய்தது. பெட்டியின் கூரையில் ஒரு சென்சார் இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று அது ரேடியோவில் கீழே சொல்லும், கீழே மோட்டார் கம்பியை ஒரு இம்மி முன்னே இழுக்கும், ஒரு இம்மி பின்னே விடும், ஆடி வருகிற ஊஞ்சலுக்கு எதிரே உள்ளங்கையை வைத்துத் தாங்குவதுபோல. ஒழுங்காக வேலை செய்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, அவளுக்கு அதிலும் ஒரு பெருமை, தெரியாமல் இருப்பதில். எதிரே ஒரு இளம் தம்பதி, பெண்ணின் மடியில் குழந்தை தூங்கியது, காது குத்தப் போகிறார்களாம், கோவில்பட்டிப் பக்கம். கதவோரம் வாக்கிடாக்கியோடு பெட்டிக்காரர் பேச்சிமுத்து. கண்ணாடிக்கு வெளியே சாரல். அந்தப் பக்கத்துக் கம்பியில் கீழே இறங்கிக்கொண்டிருந்த காலிப் பெட்டியும் நின்று, மூட்டத்துக்குள் மஞ்சளாகத் தொங்கியது.

வாக்கிடாக்கி கரகரத்தது. அடிவாரத்தில் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் அருளப்பன், மாசி மாதம் சோதனை ஓட்டம் நடந்தபோது தமயந்தி அவரோடு பத்து நாள் வேலை பார்த்திருக்கிறாள், பேசுவதற்கு முன்னால் ஒருதரம் தொண்டையைச் செருமிக்கொள்வார். இப்போதும் செருமினார். காற்று கூடுதல், ஐந்து நிமிஷத்தில் குறைந்துவிடும், யாரும் எழுந்து நடமாட வேண்டாம். அவள் வந்திருப்பது அவருக்குத் தெரியாது, மதினியோடு சும்மா வந்தவளாக ஏறிவிட்டாள், சொன்னால் டீ வாங்கித் தருவார், மோட்டாரைக் காட்டுவார், மதினிக்குக் கால் கடுக்கும். பெட்டி மெல்ல முன்னே சாய்ந்தது, மெல்லப் பின்னே. தொட்டில்போலத்தான் இருந்தது. குழந்தைகூட விழிக்கவில்லை. கீழே பனைகளின் தலைகள் ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தன, பிறகு நிமிர்ந்தன, பிறகு அசையாமல் நின்றன. காற்று விட்டுவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், நல்லது என்று நினைத்தாள், கைப்பையில் மதினியின் மாத்திரை இருக்கிறதா என்று துழாவினாள், துழாவிய கை அங்கேயே நின்றது. காற்று விட்டுவிட்டது, பனை அசையவில்லை, மதினியின் அர்ச்சனைத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் மட்டும் தட்டின் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் உருண்டுகொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் அது நடுவில்தானே அசைந்துகொண்டிருந்தது. இருக்கட்டும், காற்று போன பிறகும் ஆட்டம் கொஞ்ச நேரம் இருக்கும், மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் ரீங்காரம் இருப்பதுபோல, உடனே எப்படி நிற்கும், தேய்ந்துதான் நிற்கும். தேய வேண்டும். தேய்கிறதா என்று பார்த்தாள். முன்னே, பின்னே. கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பில் ஒரு திருகாணி, அதற்கு நேராகத் தூரத்துப் பாறை ஒன்றை வைத்துக்கொண்டாள், பாறை திருகாணிக்கு மேலே ஏறியது, கீழே இறங்கியது, ஒவ்வொரு தரமும் ஒரு சுண்டுவிரல் அகலம் கூடுதலாக ஏறியதுபோல இருந்தது, இல்லை, உட்கார்ந்திருப்பவள் தானும் ஆடுகிறாளே, கண் பொய் சொல்லும்.

வலப்பக்கத்தில் எத்தனை என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. யாரும் கேட்கவில்லை, சென்னை ஆபீஸ் மீட்டிங்கில் அவள்தான் அப்படி ஆரம்பித்தாள், வலப்பக்கத்தில் எத்தனை என்பதுதான் ஒரே கேள்வி சார். பெட்டி, கம்பி, மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சார்பாக, ஒரே ஃபங்ஷனாக எழுதிவிடலாம், அந்தச் சார்பு எந்தெந்த எண்களில் பூஜ்யமாகிறதோ அந்த எண்கள்தான் பெட்டியின் தலையெழுத்து. கலப்பெண் தளத்தின் நடுவே செங்குத்தாகக் கற்பனை அச்சு. பூஜ்யங்கள் அதற்கு இடப்பக்கம் இருந்தால் எந்த ஆட்டமும் தேய்ந்து அடங்கிவிடும், வலப்பக்கம் தப்பித்தவறி வந்துவிட்டால் ஆட்டம் தன்னாலேயே வளரும், காற்று வேண்டாம், யாரும் தள்ள வேண்டாம். சென்சாரின் சேதி உடனுக்குடன் கீழே போய்ச் சேருமானால் பூஜ்யங்கள் இரண்டே, பள்ளிக்கூடத்துச் சூத்திரம் போதும். ஆனால் சேதிக்கு ஒரு தாமதம் உண்டு, மிஞ்சினால் அரை நொடி, அந்தத் தாமதம் சமன்பாட்டின் அடுக்கில் போய் உட்கார்ந்ததும் பூஜ்யங்களுக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது, இடப்பக்கம் தூரத்தில் வரிசை வரிசையாக மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியாது. பிடிக்கவும் வேண்டாம், அதுதான் அந்தக் கணக்கின் அழகு, படித்த காலத்தில் அவள் ராத்தூக்கத்தைக் கெடுத்த அழகு. வலப்பக்கம் முழுவதையும் வளைத்து ஒரு கோடு போடு, கற்பனை அச்சோடு ஏறிப் பெரிய அரைவட்டமாகச் சுற்றித் திரும்பி வந்து சேர். உள்ளே கால் வைக்காதே, கோட்டின்மேல் மட்டும் நட, நடக்க நடக்கச் சார்பின் மதிப்பு எப்படித் திரும்புகிறது என்று மட்டும் பார், அது ஆதிப்புள்ளியை எத்தனை தரம் சுற்றி வருகிறதோ அத்தனை பூஜ்யம் உள்ளே. புருஷன் சிதம்பரம்கூட ஒருநாள் கேட்டார், உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று. உள்ளே முடிவில்லாத இடம், எங்கே போய்ப் பார்க்க, என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினார். சுற்றி வந்தாள், திரையில் அந்த வளைவு ஆதிப்புள்ளியைச் சுற்றவே இல்லை. பூஜ்யம். வலப்பக்கத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் வளைவு ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்தது. உரசினாற்போல வந்து விலகிப் போனது. அந்த இடைவெளி. அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பெரிதாக்கினால் எந்த இடைவெளியும் பெரிதாகத்தான் தெரியும், போதுமான இடைவெளி இருக்கிறது சார் என்று மீட்டிங்கில் சொன்னாள், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மதிய சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சாம்பார் சாதம் வந்திருந்தது. போதுமான இடைவெளி என்று சொன்ன வாயாலேயே அப்பளத்தைக் கடித்தாள்.

எலுமிச்சம்பழம் தட்டைத் தாண்டிக் கீழே விழுந்து, பேச்சிமுத்துவின் கால்வரை உருண்டு போய், அதுவாகவே திரும்பி வந்தது. குழந்தையின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இப்படித்தாம்மா இருக்கும், பயப்படாதீங்க" என்று சொன்ன பேச்சிமுத்து மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இப்படித்தான் இருக்குமா. மாசியில் இப்படி இருக்கவில்லை. மாசியில் வெயில், வானம் துடைத்து வைத்ததுபோல, வேண்டுமென்றே பெட்டியை உலுக்கிவிட்டு எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று பார்த்தார்கள், பூனை சுருண்டு படுப்பதுபோல் அடங்கியது, அருளப்பன் கைதட்டினார். அன்றைக்கு மழை இல்லை. மழை. ரேடியோ. சாரல் மூட்டத்தில் சேதி ஒரு தரத்தில் போய்ச் சேரவில்லை என்றால் மறுபடி அனுப்பும், அதுவும் சேரவில்லை என்றால் இன்னொரு தரம், பெட்டி சாய்ந்திருக்கிறது என்ற சேதி கீழே போகும்போது பெட்டி சாய்ந்து முடித்துத் திரும்பியே வந்திருக்கும். அவள் வைத்துக்கொண்ட தாமதம் அரை நொடி. அதற்கு மேல் போகாது என்று ரேடியோ விற்றவன் தாளில் எழுதியிருந்தான், யார் எழுதிய தாளாக இருந்தால் என்ன, அவள்தானே நம்பினாள். தாமதம் கூடினால் வளைவு இன்னும் கொஞ்சம் முறுகும், முறுகினால் அந்த இடைவெளி மூடும், மூடி அந்தப் பக்கம் போனால் வளைவு ஆதிப்புள்ளியைச் சுற்றிவிடும். சுற்றினால் ஒன்று என்று வராது, மேலே ஒன்று கீழே ஒன்று, கண்ணாடியில் பார்த்ததுபோல் ஜோடியாகத்தான் அச்சைத் தாண்டும். இரண்டு. வலப்பக்கத்தில் இரண்டு. தாண்டிவிட்டதா. ஆட்டம் ஒரு அளவுக்கு மேல் போனால் மேலே கம்பியின்மேல் ஓடுகிற சக்கரம் கம்பியை விட்டு எழும்பிவிடும், எழும்பினால் என்ன ஆகும் என்பதற்கு யாரும் கணக்குப் போட்டதில்லை, அது கணக்குக்கு வெளியே. அதற்குள் போகாதே. கோட்டின்மேல் நில். ஆனால் காற்றாகவும் இருக்கலாமே. கீழே பனை அசையவில்லை, மலைமுகட்டில் அடிக்கலாம், இந்த உயரத்தில் பள்ளத்தாக்கு வழியாக ஒரு காற்று வரலாம், அப்படியென்றால் அவளுடைய மோட்டார்தான் இந்த ஆட்டத்தை இந்த அளவிலாவது பிடித்து வைத்திருக்கிறது, அணைத்துவிட்டால் முடிந்தது. அணைக்காவிட்டால், அது வளர்க்கிறதென்றால், முடிந்தது. காப்பாற்றுகிற கையும் தள்ளுகிற கையும் ஒரே கை, வெளியே இருந்து பார்த்தால் எது என்று தெரியாது. எதிர்க்கம்பியில் காலிப் பெட்டி ஆடுவதைப் பார்த்தாள், யாரும் இல்லாமல், விளக்கு மட்டும் எரிய, இவ்வளவு பெரிய வீச்சா, நாமும் வெளியே இருந்து பார்த்தால் இப்படித்தானா. பார்க்காமல் இருந்திருக்கலாம். செருப்பைக் கழற்றினாள். வெறும் பாதத்தைத் தரையில் பதித்தாள். மோட்டார் கம்பியை இழுக்கும்போது தரைத்தகட்டில் ஒரு சின்ன வெட்டு தெரியும், மாசியில் பாதத்தாலேயே அதைப் பழகியிருந்தாள், பெட்டி முன்னே போகும்போது அந்த வெட்டு எதிரே வர வேண்டும். முன்னே போனது. வெட்டு இல்லை. போய், நின்று, திரும்பப் பின்னே விழ ஆரம்பித்தபோது வந்தது, முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல. தற்செயலாக இருக்கலாம். மறுபடி. அதேபோலவா. இல்லை, இந்தத் தரம் கொஞ்சம் முன்னால். மறுபடி. தொடை நடுங்கியதில் எது மோட்டாரின் வெட்டு எது தன் நடுக்கம் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"அருளப்பன் சார்ட்ட பேசணும், அதைக் குடுங்க" என்றாள். பேச்சிமுத்து தயங்கினார். "நான்தான் இந்த ஆட்டம் அடக்குற மெஷினுக்குக் கணக்குப் போட்டது, குடுங்க." வாக்கிடாக்கி எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பெயரைச் சொன்னாள். அவர் செருமாமலே, "மேடம், நீங்களா உள்ள இருக்கீங்க? காத்து சுத்தமா குறைஞ்சிட்டு மேடம், மீட்டர்ல ஒண்ணுமே இல்ல, ஆனா ஆட்டம் கூடுதலா இருக்கதால பெட்டிய மேல எடுக்க மெஷின் விட மாட்டேங்குது, ஆட்டம் அடங்கட்டும்னு பாக்கேன், அடங்கல" என்றார். மீட்டரில் ஒன்றும் இல்லை. மீட்டர் மேல் ஸ்டேஷன் தூணில் இருக்கிறது, நடுவில் இல்லை. "சேதி எவ்வளவு லேட்டா வருது, திரையில கீழ ஒரு நம்பர் ஓடும், பாத்துச் சொல்லுங்க." "அது நிலையா நிக்க மாட்டேங்குது மேடம், அரைங்குது, ஒண்ணரைங்குது, நடுவுல கோடு கோடா வருது." ஒன்றரை. கோடு என்றால் சேதியே வரவில்லை. "சார், ஆட்டம் அடக்குறதை அணைங்க. பிரேக் போட்டுக் கம்பியை அப்படியே பிடிச்சு வச்சிருங்க." அவர் உடனே, "மேடம், பெட்டி ஆடும்போது அதை அணைக்கவே கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, செவுத்துல ஒட்டி வச்சிருக்கு" என்றார். ஆமாம், அவள்தான் சொன்னாள், சிவப்பு எழுத்தில். அவள் பட்டனை அழுத்தியபடியே மறுபடி பாறையைத் திருகாணிக்கு நேராக வைத்துப் பார்த்தாள். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. இன்னும் ஒரு ஆட்டம் பார்க்கலாம், இன்னும் ஒன்று பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரல் அகலம், இன்னும் ஒன்று, இப்படியே பார்த்துக்கொண்டே இருந்தால் உறுதியாகத் தெரிகிற நேரத்தில் சக்கரம் எழும்பியிருக்கும், உறுதி என்பது அப்போதுதான் வரும். அந்த இளைஞன் மனைவியின் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டு இவளையே பார்த்தான். அப்போது சொர்ணம் மதினி கையை நீட்டி, வாக்கிடாக்கியைப் பிடித்திருந்த அவள் கையோடு சேர்த்துப் பிடித்துத் தன் வாய்ப்பக்கம் இழுத்தாள். "ஐயா, நான் அவ நாத்தனார் பேசுதேன். எங்க வீட்டுப் பிள்ளை கணக்குத் தப்பாது. அவ அணைக்கச் சொன்னா அணைச்சிருங்க" என்றாள். கடையில் அரிசி மாற்றிக் கேட்கிற குரல். தமயந்திக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல் இருந்தது, இல்லை மதினி, தப்பும், தப்பியிருக்கிறது, இப்போது சொல்வதும் தப்பலாம், என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. "அணைங்க சார். நான் சொல்லுதேன்" என்றாள்.

அணைத்தாரா என்று தெரியவில்லை. எந்தச் சத்தமும் வராது, அணைந்தால் ஒரு வெட்டு வராமல் இருக்கும், அவ்வளவுதான். பெட்டி முன்னே போனது. போய்க்கொண்டே இருந்தது, பாறை திருகாணிக்கு மேலே, சட்டத்துக்கு மேலே, கண்ணாடியை விட்டே போய், அந்த இடத்தில் வெறும் வெள்ளைமூட்டம். தட்டிலிருந்த தேங்காய் சரிந்து அவள் மடியில் விழுந்தது. தப்பு. தப்பாகச் சொல்லிவிட்டேன். காற்றுதான். மதினி அவள் கையை விடவில்லை. பின்னே. முதுகு பலகையில் அழுந்தியது. பாதத்தில் ஒன்றும் இல்லை, தகடு சும்மா இருந்தது, தள்ளுகிற கை போய்விட்டது, தாங்குகிற கையும் போய்விட்டது. இனி அந்தச் சார்பில் தாமதம் இல்லை, முடிவில்லாத பூஜ்யங்கள் இல்லை, பள்ளிக்கூடத்துச் சூத்திரத்தின் இரண்டு மட்டும், இரண்டும் இடப்பக்கம், ஆனால் அச்சுக்கு மிகவும் பக்கத்தில், அதனால் தேய்ந்தாலும் நிதானமாகத்தான் தேயும், தேய்வதே தெரியாது. அதுவும் காற்று இல்லை என்றால். முன்னே. பாறை மறுபடி சட்டத்துக்கு மேலே. அதே அளவா. பின்னே. கண்ணை மூடினாள், உடனே திறந்தாள். இதுவரைக்கும் யாருடைய உயிரும் அவள் கையில் இருந்ததில்லை என்று நினைத்திருந்தாள். சிதம்பரம் வெங்காயம் நறுக்கிய பலகையின் விளிம்பில் ஒரு வெடிப்பு உண்டு, அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. முன்னே. குழந்தை அழுகையை நிறுத்தி விக்கியது. பேச்சிமுத்துவின் உதடுகள் அசைந்தன, முருகன் பெயராக இருக்கும். பின்னே. திருகாணி. பாறை. ஒரு விரல் குறைந்ததுபோல் இருந்தது, குறைய வேண்டும் என்று நினைப்பதால் அப்படித் தெரிகிறது. மறுபடி பார்த்தாள். பாறை சட்டத்தைத் தொட்டது, தாண்டவில்லை. அவள் நம்பவில்லை. எத்தனையோ தரம் பார்த்தாள், நம்பாமல் பார்த்தாள், பாறை சட்டத்துக்குக் கீழேயே நின்றபோதும், திருகாணிக்குப் பக்கத்தில் வந்தபோதும், "குறைஞ்சிட்டும்மா" என்று பேச்சிமுத்து சொல்லி மேல்கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தபோதும் நம்பவில்லை. வாக்கிடாக்கி செருமியது. மெதுவாக மேலே எடுக்கப் போவதாகச் சொன்னார், அடக்கும் மெஷின் இல்லாமல், நடை வேகத்தில். எடுத்தார்.

மேல் ஸ்டேஷனில் கதவு திறந்ததும் குழந்தைக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். தமயந்தி சிமெண்ட் தரையில் நின்றாள், தரை ஆடுவதுபோல் இருந்தது, செருப்பு பெட்டியிலேயே கிடந்தது. வாக்கிடாக்கி இன்னும் அவள் கையில். "மேடம்" என்றார் அருளப்பன். குரல் வயசானதுபோல் இருந்தது. "அணைக்கும்போது கை ஓடல மேடம். ஒண்ணு கேக்கணும். உறுதியாத் தெரிஞ்சுதான சொன்னீங்க?" மதினி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு காதுகேட்கும் தூரத்தில்தான் நின்றாள். ஆமாம் சார் என்று சொன்னால் முடிந்துபோயிற்று, அவர் இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவார். "இல்ல சார்" என்றாள். "பாதிதான் தெரியும். கணக்குல தாமதத்தை நான் குறைச்சு எடுத்துட்டேன். மழையில எவ்வளவு வரும்னு அளந்து மறுபடி போடுறவரைக்கும் பெட்டி ஓட வேண்டாம், நான் ஆபீஸுக்கும் சொல்லுறேன், கோயில்லயும் சொல்லுறேன்." "இன்னைக்குக் கிருத்திகை மேடம். கீழ கூட்டம் நிக்கி." "தெரியும் சார்." தொண்டையைச் செருமிவிட்டு, "சரி மேடம். நிப்பாட்டிருதேன்" என்றார், அதில் கோபம் இருந்ததா நிம்மதி இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சாமி பார்த்தார்கள். என்ன அலங்காரம் என்றுகூட அவள் கவனிக்கவில்லை, தீபத்தட்டு முன்னும் பின்னும் அசைந்தபோது கர்ப்பகிரகத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இறங்குவதற்குப் படிதான் இருந்தது. மதினி ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடிச் சுவரையும் இவள் கையையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், ஒவ்வொரு தரமும் முழங்காலில் ஏதோ நெரிபடும் சத்தம் இவளுக்குக் கேட்டது. எதிரே படியேறி வந்தவர்கள் ரோப் காரை நிறுத்திவிட்டார்களாம் என்று சலித்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் மண்டபத்தில் உட்கார்ந்தபோது தமயந்தி சொன்னாள், "என்னால உங்களுக்கு இந்தப் பாடு. என்னை நம்பி அவர்ட்ட அப்படிச் சொன்னீங்க." மதினி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நம்பியா? உன் கையப் பிடிச்சேம்லா, கோழிக்குஞ்சு கணக்கா நடுங்குச்சு. உனக்குத் தெரியலங்கிறது அப்பவே தெரியும்" என்றாள். "பிறகு ஏன் மதினி தப்பாதுன்னு சொன்னீங்க?" மதினி சேலை நுனியால் முகத்தைத் துடைத்தாள். "நானும் சொல்லலன்னா நீ இன்னும் பாத்துக்கிட்டேதான் இருந்திருப்ப" என்று சொல்லிவிட்டு, எழுந்து நிற்பதற்காகக் கையை நீட்டினாள்.